வாக்காளர் தவறினாரா, வாக்குச்சீட்டு தவறியதா? அமெரிக்கத் தேர்தல் அதிகாரிகள் பயனர் சோதனையைக் கற்றுக்கொண்ட விதம்

அமெரிக்காவில் தேர்தல் முடிவு இழுபறியாகும்போதெல்லாம் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. இந்தப் பகுதியில் இத்தனை ஆயிரம் வாக்குகள் செல்லவில்லை, வாக்குச்சீட்டு குழப்பமாக இருந்ததாக மக்கள் புகார், கட்சிகள் நீதிமன்றம் போகின்றன. படிப்பவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: ஒரு பெயருக்கு நேரே குறி போடுவதில் என்ன குழப்பம்? கொஞ்சம் கவனமாகப் போட்டிருக்கலாமே?

தப்பு வாக்காளருடையது என்ற முடிவை எடுத்துக்கொண்டுதான் இந்தக் கேள்வியே பிறக்கிறது. 2000-க்குப் பிறகு அமெரிக்கத் தேர்தல் அதிகாரிகளிடையே இந்த எண்ணம் மெல்ல மாறியது. அந்த மாற்றத்தில் பெரிய பங்கு, மென்பொருள்களையும் இணையதளங்களையும் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்து வந்த ஒரு தொழில்முறைச் சமூகத்துக்கு உண்டு. அவர்கள் எழுதிய அறிக்கைகளைவிட, சோதிக்கும் முறையையே அதிகாரிகளின் கையில் கொடுத்ததுதான் அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு. அது எப்படி நடந்தது, இன்னும் எங்கே தடுக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பயன்பாட்டு எளிமை என்றால் என்ன?

ஒரு பொருளைப் பயன்படுத்துவது எளிதா என்பதை ஆளுக்கு ஆள் மாறும் அபிப்பிராயமாக விட்டுவிடாமல், அளக்கக்கூடிய ஒன்றாக வரையறுக்கிறது ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரநிலை. 1998-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்ட இந்தத் தரநிலை மூன்று அளவுகோல்களைச் சொல்கிறது. வாக்குச்சீட்டுக்கு அவற்றைப் பொருத்தினால் இப்படி வரும்:

1. பலன்: வாக்காளர் யாருக்குப் போட நினைத்தாரோ அவருக்கே வாக்கு விழுந்ததா?
2. திறன்: அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆனது? எத்தனை முறை திரும்பிப் படிக்க வேண்டியிருந்தது?
3. நிறைவு: சரியாகத்தான் போட்டோம் என்ற நம்பிக்கையோடு வெளியே வந்தாரா?

இதே வரையறையில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. யார், எந்த வேலைக்கு, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சொல்லாமல் ஒரு பொருளை எளிது என்றோ கடினம் என்றோ சொல்ல முடியாது. மேசையில் உட்கார்ந்து ஆற அமரப் பார்க்கும் அதிகாரிக்கு எளிதாக இருக்கும் சீட்டு, வரிசையில் நின்று களைத்துப்போன 75 வயதுக்காரருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பயனரை மையப்படுத்திய வடிவமைப்பு என்பது இந்த எளிமையை எட்டுவதற்கான வழிமுறை. ஜான் கௌல்ட், க்ளேட்டன் லூயிஸ் இருவரும் 1985-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் சாரத்தை மூன்று விதிகளாகக் கொடுத்துவிட்டார்கள். தொடக்கத்திலேயே பயனர்களையும் அவர்கள் வேலையையும் கவனி. உண்மையான பயனர்களிடம் கொடுத்து அளந்து பார். தெரியவந்த குறையைத் திருத்தி மறுபடியும் சோதி. சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் ஒரு துறை இதை வழக்கமாக ஏற்றுக்கொள்ள ஆண்டுக்கணக்காகிறது.

பால்ம் பீச்சில் நடந்தது

2000 நவம்பர் 7. ஃபுளோரிடா மாநிலத்தின் பால்ம் பீச் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). அங்கே துளையிடும் அட்டை முறையில் வாக்களித்தார்கள். வெற்று அட்டையை ஒரு கருவிக்குள் செருக வேண்டும். அதற்கு மேலே வேட்பாளர் பெயர்கள் அச்சிட்ட பக்கங்கள் புத்தகம்போல் விரிந்திருக்கும். வேண்டிய பெயருக்கு நேரே உள்ள துளையில் குத்தூசியை அழுத்தினால் அட்டையில் ஓட்டை விழும்.

அந்த ஆண்டு ஃபுளோரிடாவில் அதிபர் பதவிக்குப் பத்து பேர் போட்டியிட்டார்கள். பத்து பெயர்களையும் ஒரே பக்கத்தில் போட்டால் எழுத்து சிறிதாகிவிடும். முதியவர்கள் அதிகம் வாழும் பகுதி அது. அவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்க நினைத்த தேர்தல் மேற்பார்வையாளர் தெரசா லெபோர், பெயர்களை இடது பக்கம் ஆறு, வலது பக்கம் நான்கு என்று பிரித்தார். துளைகள் நடுவில் ஒரே வரிசையாக இறங்கின. வண்ணத்துப்பூச்சி வாக்குச்சீட்டு என்ற பெயர் இந்த இரு சிறகு அமைப்பால்தான் வந்தது.

(பெயர்களுக்கு இடம் போதாத சிக்கல் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றபோது வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது.)

சிக்கல் எங்கே வந்தது என்று பாருங்கள். இடது பக்கத்தில் மேலிருந்து முதல் பெயர் குடியரசுக் கட்சியின் புஷ், இரண்டாவது பெயர் ஜனநாயகக் கட்சியின் அல் கோர். ஆனால் நடுவில் இருந்த துளைகளில் முதலாவது புஷ்ஷுக்கு, இரண்டாவது வலது பக்கத்தில் இருந்த சிறு கட்சி வேட்பாளர் பேட் புக்கானனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. இடது பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படிக்கும் ஒருவருக்கு 'இரண்டாவது பெயர், ஆகவே இரண்டாவது துளை' என்று தோன்றுவது மிக இயல்பு. அம்புக்குறிகள் இருந்தன. ஆனாலும் கண் பழக்கப்பட்ட வழியில்தான் போகிறது.

விளைவு இரண்டு விதமாக வந்தது. ஒன்று, புக்கானனுக்கு அந்தக் கவுண்டியில் 3,407 வாக்குகள் விழுந்தன. அவருக்கு ஆதரவு இருந்த பகுதியே அல்ல அது. அவரே பிறகு தொலைக்காட்சியில் அந்த வாக்குகளில் பெரும்பாலானவை தனக்கு உரியவை அல்ல என்ற பொருளில் பேசினார். இரண்டு, அதிபர் பதவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் போடப்பட்டதால் 19,000-க்கும் அதிகமான சீட்டுகள் செல்லாமல் போயின. இதை மிகை வாக்கு என்பார்கள். அவற்றில் 5,000-க்கும் மேற்பட்டவற்றில் கோர், புக்கானன் இருவருக்குமே துளை இருந்தது. மாநிலம் முழுவதிலும் புஷ் கோரை வென்ற வித்தியாசமே 537 வாக்குகள்தான்.

வாக்காளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்ற வாதத்துக்குப் பதில் அந்தக் கவுண்டியிலேயே இருக்கிறது. அங்கே அஞ்சலில் வாக்களித்தவர்களுக்கு இந்த இரு சிறகுச் சீட்டு கொடுக்கப்படவில்லை. அதே கவுண்டி, அதே தேர்தல், அதே வேட்பாளர்கள். ஆனால் வாக்குச்சாவடியில் புக்கானனுக்குக் கிடைத்த பங்கு, அஞ்சல் வாக்குகளில் கிடைத்ததைப்போல் நான்கு மடங்கு. 2001-இல் வெளியான ஓர் அரசியல் அறிவியல் ஆய்வு, கோருக்குப் போட நினைத்த 2,000-க்கும் மேற்பட்டோர் தவறுதலாகப் புக்கானனுக்குப் போட்டுவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தது.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கியது முதியவர்கள் மேல் உள்ள அக்கறையால். மாதிரிச் சீட்டும் முன்கூட்டியே வெளியானது. கட்சிகள் ஆட்சேபம் சொல்லவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் 'சரியாக அச்சாகியிருக்கிறதா' என்று பார்த்தார்கள். ஒரு வாக்காளர் கையில் கொடுத்து, 'இவருக்குப் போடுங்கள்' என்று சொல்லிவிட்டு, அவர் விரல் எங்கே போகிறது என்று கவனித்திருந்தால் கதையே வேறு.

இரண்டு சமூகங்கள் சந்தித்த இடம்

அப்படிக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அப்போதே இருந்தார்கள். 1991-இல் தொடங்கிய யூசபிலிட்டி புரொஃபஷனல்ஸ் அசோசியேஷன் அவர்களின் சங்கம். 2005-இல் உலகப் பயன்பாட்டு எளிமை நாளைக் கொண்டாடத் தொடங்கியதும், அதே ஆண்டில் இந்தத் துறைக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியதும் இந்தச் சங்கம்தான். 2012-இல் பெயரை மாற்றிக்கொண்டது. பால்ம் பீச்சுக்குப் பிறகு இதன் உறுப்பினர்கள் சிலர் தேர்தல் பக்கம் திரும்பினார்கள்.

மறுபக்கம் தேர்தல் அதிகாரிகள். அமெரிக்காவில் ஒரே தேர்தல் ஆணையம் எல்லாவற்றையும் நடத்துவதில்லை. 8,000-க்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் தத்தம் தேர்தலை நடத்துகின்றன. சீட்டைத் தயாரிப்பதும் அவையே. பல இடங்களில் அலுவலகமே இரண்டு மூன்று பேர்தான். வாக்காளர் பதிவு, சாவடி ஊழியர் பயிற்சி, எண்ணிக்கை, வழக்கு எல்லாமே அவர்கள் தலையில். வடிவமைப்பாளரை வேலைக்கு வைக்க அவர்களுக்கு ஏது பணம்?

2002-இல் நிறைவேறிய வாக்களிப்புச் சீர்திருத்தச் சட்டம் இந்த இரு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. தேர்தல் உதவி ஆணையம் உருவானது. தேசியத் தரநிலை நிறுவனம் தொழில்நுட்ப வழிகாட்டுதல்களுக்குப் பொறுப்பேற்றது. அந்த வழிகாட்டுதல்களை உருவாக்கிய குழுவில் சங்கத்தின் முன்னாள் தலைவர் விட்னி க்வெசன்பெரி இடம்பெற்றார். வாக்குப்பதிவு இயந்திர நிறுவனங்கள் உண்மையான மக்களை வைத்துச் சோதித்து, முடிவை ஒரு பொதுப் படிவத்தில் தர வேண்டும் என்பது 2005 வழிகாட்டுதல்களில் நுழைந்தது. இவை கட்டாயமில்லாத தன்னார்வ வழிகாட்டுதல்கள்தான். இருந்தாலும் பல மாநிலங்கள் இவற்றைத் தங்கள் சட்டத்தில் சேர்த்துக்கொண்டதால் நிறுவனங்களால் ஒதுக்கிவிட முடியவில்லை.

அதிகாரிகளின் மனம் எப்படி மாறியது?

சட்டம் இயந்திர நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். கவுண்டி அலுவலகத்தில் உட்கார்ந்து சீட்டின் வாசகத்தை எழுதுகிறவரை அது தொடாது. அவரிடம் போய்ச் சேர்ந்தவை வேறு.

1. ஆதாரம் அவர்கள் மொழியில் வந்தது. தேசியத் தரநிலை நிறுவனத்துக்காக நடந்த ஓர் ஆய்வில் 45 பேர் இரண்டு வகைச் சீட்டுகளில் வாக்களித்தார்கள். ஒன்று வழக்கமான சட்ட வாசகம், மற்றது எளிய நடை. எளிய நடையில் தவறுகள் குறைந்தன. 45 பேரில் 37 பேர் அதையே விரும்பினார்கள். குறைவாகப் படித்தவர்களே அதிகம் தவறினார்கள் என்பதும் அதில் தெரிந்தது. அழகைப் பற்றிய பேச்சாக இருந்திருந்தால் எந்த அதிகாரியும் காதில் வாங்கியிருக்க மாட்டார். செல்லாத வாக்கு என்றால் எல்லோருக்கும் புரியும்.

2. ஒரு மாநிலம் செய்து காட்டியது. 2008-இல் மின்னசோட்டா செனட் தேர்தல் வழக்குகளெல்லாம் முடிந்தபின் 312 வாக்கு வித்தியாசத்தில் முடிவானது. அந்தத் தேர்தலில் சுமார் 12,000 அஞ்சல் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. உறையில் கையெழுத்து இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். மாநில அலுவலகம் சங்கத்தின் தன்னார்வலர்களோடு சேர்ந்து அறிவுறுத்தல் தாளையும் உறையையும் மாற்றி எழுதி, மக்களிடம் கொடுத்துப் பார்த்து, மறுபடியும் திருத்தியது. கையெழுத்திட வேண்டிய இடத்தைப் பளிச்சென்று ஒரு பெரிய எக்ஸ் குறி காட்டியது. கையெழுத்தில்லாத உறைகள் 2010-இல் வெகுவாகக் குறைந்தன. சக அதிகாரி ஒருவர் செய்து முடித்த வேலைக்கு உள்ள மதிப்பு, வெளியிலிருந்து வரும் நிபுணரின் அறிவுரைக்குக் கிடையாது.

3. கருவி கைக்கு அடக்கமாக வந்தது. பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் டேனா சிஸ்னெல் 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பணம் திரட்டிச் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கையேடுகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பத்தே விதிகள். முழுவதையும் ஆங்கில 'கேப்பிடல்' எழுத்துகளிலேயே அச்சிடாதே. வரிகளை நடுவில் குவிக்காமல் இடது ஓரத்தில் தொடங்கு. ஒரே எழுத்துருவைப் பயன்படுத்து. ஒரு கையேடு முழுக்க, சீட்டை எப்படிச் சோதிப்பது என்பதற்கே ஒதுக்கப்பட்டது. 2013-இல் சிஸ்னெலும் க்வெசன்பெரியும் சேர்ந்து 'சென்டர் ஃபார் சிவிக் டிசைன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

4. அப்புறம், பயிற்சிக்குள் இடம் கிடைத்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் தேர்தல் நிர்வாகத்தினருக்கு நடத்தும் சான்றிதழ்ப் படிப்பில் தேர்தல் வடிவமைப்பு ஒரு பாடம். புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு இது யாரோ வந்து சொல்லும் விஷயமாக இல்லாமல் தன் வேலையின் பகுதியாகவே அறிமுகமாகிறது.

இந்த நான்கில் மூன்றாவதையே நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு தொழில்முறைச் சமூகம் தன் திறமையைப் பூட்டி வைத்து, 'எங்களைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லியிருந்தால் அது வசதியுள்ள சில கவுண்டிகளோடு நின்றிருக்கும். அவர்கள் அதைப் பத்து விதியாகச் சுருக்கி அடுத்தவர் சட்டைப்பைக்குள் வைத்தார்கள்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதுமா?

பயனர் சோதனை என்றதும் 'ஐந்து பேர் போதும்' என்ற வாக்கியம் எங்கும் காதில் விழும். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் இருவரும் 1993-இல் கொடுத்த கணக்கிலிருந்து வந்தது அது. ஒரு குறையை ஒரு பயனர் சந்திக்கும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்றால், ஐந்து பேரில் ஒருவராவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 84 சதவீதம்.

வாக்குச்சீட்டுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பால்ம் பீச்சில் மிகை வாக்கால் செல்லாமல் போனவை மொத்தத்தில் சுமார் 4 சதவீதம். ஒவ்வொருவரும் தவறும் வாய்ப்பு 4 சதவீதம் என்றால், ஐந்து பேரை வைத்துச் சோதிக்கையில் அந்தத் தவறு ஒரு முறையாவது தென்படும் வாய்ப்பு 18 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முப்பது பேரை வைத்தால் 70 சதவீதத்தை எட்டும். சாதாரண இணையதளத்தில் 4 சதவீதம் பேர் தடுமாறினால் அவர்கள் திரும்ப வந்து சரிசெய்துகொள்வார்கள். வாக்குச்சீட்டில் திரும்ப வர வழியில்லை.

அப்படியானால் சிறு சோதனை வீணா? இல்லை. சோதனையில் நாம் பார்ப்பது இறுதித் தவறை மட்டுமல்ல. குத்தூசி இரண்டாவது துளைக்குமேல் ஒரு கணம் நிற்பது, கண் இடமும் வலமும் போய்வருவது, 'இதுவா, அதுவா' என்று வாய்க்குள் முணுமுணுப்பது, இதெல்லாம் தவறைவிடப் பலமடங்கு அதிகம் பேரிடம் தெரியும். தவறு செய்கிறவர் ஒருவர் என்றால், தயங்கிவிட்டுக் கடைசி நேரத்தில் சரியாகப் போடுகிறவர்கள் பலர். தயக்கத்தைக் குறித்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு ஐந்து பேரே நிறையச் சொல்லிவிடுவார்கள். 'வாக்கு சரியாக விழுந்ததா' என்று மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு ஐந்து பேர் போதவே போதாது. கையேட்டைப் படித்துவிட்டுச் சோதனையில் இறங்கும் அதிகாரிகள் முதலில் பழக வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

இன்னும் தடுக்கும் இடங்கள்

இயந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை 2006-இல் ஃபுளோரிடாவின் சரசோட்டா கவுண்டியில் உடைந்தது. தொடுதிரையில், கண்ணைக் கவரும் வண்ணத் தலைப்போடு இருந்த ஆளுநர் போட்டிக்கு மேலே, அதே திரையில் நாடாளுமன்றப் போட்டியும் இருந்தது. சுமார் 18,000 பேரின் வாக்கு அந்தப் போட்டியில் பதிவாகவில்லை. இதை விடுபட்ட வாக்கு என்பார்கள். வெற்றி வித்தியாசமோ 369. மென்பொருள்மீதும் சந்தேகம் கிளம்பியது. ஆனால் பின்னர் வந்த ஆய்வு திரை அமைப்பையே முக்கியக் காரணமாகக் காட்டியது.

நியூயார்க்கில் 2010-இல் வேறு மாதிரி. மிகை வாக்கு இருந்தால் இயந்திரம் எச்சரிக்கும். ஆனால் எச்சரிக்கைத் திரையில் சீட்டை அப்படியே ஏற்கும் பொத்தான் பச்சை நிறத்தில் இருந்தது. சீட்டைத் திரும்பப் பெறும் பொத்தான் சிவப்பு. பச்சை என்றால் சரி என்று நினைத்து அழுத்தியவர் தன் வாக்கைத் தானே செல்லாததாக்கிக்கொண்டார். வழக்கு நடந்து 2011-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகு அந்தச் செய்தி எளிய மொழிக்கு மாறியது.

2018-இல் மறுபடியும் ஃபுளோரிடா, இம்முறை பிரோவர்ட் கவுண்டி. சீட்டின் இடது ஓரத்தில் மூன்று மொழிகளில் நீளமான அறிவுறுத்தல். அதற்குக் கீழே, மூலையில், செனட் போட்டி. அறிவுறுத்தலைத் தாண்டிக் கண் நேராக அடுத்த பத்திக்குப் போய்விடும். ஆளுநர் போட்டியைவிடச் செனட் போட்டியில் அங்கே சுமார் 25,000 வாக்குகள் குறைவு. மாநில அளவில் வித்தியாசம் 10,033. முடிவே மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அறிவுறுத்தலைத் தனிப் பத்தியில் வைக்க வேண்டும் என்பது தேர்தல் உதவி ஆணையத்தின் 2007 வழிகாட்டியில் ஏற்கெனவே இருந்த விஷயம். பதினோரு ஆண்டு கழித்தும் அது அந்த அலுவலகத்தின் வழக்கமாக மாறவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

சட்டமும் குறுக்கே நிற்பதுண்டு. சீட்டின் வாசகம், வரிசை, எழுத்து அளவு ஆகியவற்றைப் பல மாநிலச் சட்டங்களே வரையறுக்கின்றன. சோதனையில் ஒரு வாக்கியம் யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்தாலும், சட்டமன்றம் திருத்தும்வரை அதிகாரி அதை அச்சிட்டே ஆக வேண்டும்.

எப்போது சோதிப்பது?

2021 பிப்ரவரியில் தேர்தல் உதவி ஆணையம் ஏற்ற புதிய வழிகாட்டுதல்கள், வாக்காளர்களோடு சாவடி ஊழியர்களையும் வைத்து இயந்திரங்களைச் சோதிக்கச் சொல்கின்றன. நல்ல முன்னேற்றம். ஆனால் அங்கே சோதிக்கப்படுவது இயந்திரம், மாதிரிச் சீட்டோடு. நவம்பரில் மக்கள் கையில் வருவது கவுண்டி தயாரித்த சீட்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பால்ம் பீச்சும் பிரோவர்டும்.

நேரமும் இல்லை. ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கும் தேர்தலுக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே சீட்டை அனுப்பிவிட வேண்டும் என்கிறது 2009-இல் வந்த சட்டம். வேட்பாளர் பட்டியல் உறுதியாவதற்கும் அச்சகத்துக்குக் கொடுப்பதற்கும் இடையில் சில இடங்களில் சில நாட்களே கிடைக்கின்றன. அப்போது சோதித்துக் குறை தெரிந்தால்கூடத் திருத்த அவகாசம் இருக்காது.

ஆகவே செய்யக்கூடியது, தேர்தல் இல்லாத மாதங்களில் சீட்டின் வார்ப்புருவைக் கற்பனைப் பெயர்களோடு சோதிப்பது. அதிலும் மோசமான நிலைமையை வைத்தே சோதிக்க வேண்டும்: வேட்பாளர் எண்ணிக்கை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, அறிவுறுத்தல் மூன்று மொழியில், ஒரு போட்டி அடுத்த பத்திக்குத் தாண்டும்படி. நூலகத்திலோ வாகன உரிம அலுவலகத்திலோ காத்திருப்பவர்களிடம் கொடுத்து, 'பட்டியலில் இரண்டாவதாக இருப்பவருக்குப் போடுங்கள்' என்று கேட்டுவிட்டு, உதவி செய்யாமல் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். அதற்கு ஆலோசகரும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினால் நடந்துவிடும்.